தேடுபொறியும் வியாபார தர்மமும்

திமிரி, ஆற்காடு, இராணிப்பேட்டை, ஆம்பூர் முதலிய ஊர்களில் செருப்பும் பெல்ட்டும் கைப்பையும் செய்து விற்கும் சிறு வியாபாரிகள் சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்ளத் தலைப்பட்டிருப்பது சந்தோஷிக்கத்தக்க விஷயம். தரகர் தயவில்லாமல் வெளியூரார் நேரே சரக்கு வாங்க இது வழி திறக்கிறது. ஆனால் ஒரு தரகரை வாசல் வழியே அனுப்பினால், மற்றொருவர் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறார். "பணத்தைக் கொடுங்கள், ஒரே மாதத்தில் கூகிளில் உங்கள் பெயரை முதலிடத்தில் நிறுத்துகிறேன்" என்பது அவர் வாக்கு. இவ்வாக்கை நம்பலாகாது என்பது நமது அபிப்பிராயம். காரணங்களைக் கூறுவோம்.

1998-ஆம் வருஷத்தில் லாரி பேஜ், ஸெர்கே பிரின் என்ற இரு மாணாக்கர் வெளியிட்ட முறையே கூகிளுக்கு அஸ்திவாரம். ஒரு பக்கத்தைச் சுட்டி வேறு பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால், அது அப்பக்கத்துக்குச் சாதகமான சாட்சியம். சாட்சி சொல்வோரின் யோக்கியதைக்குத் தக்கபடி சாட்சியத்துக்கு மதிப்பு. இன்று இத்துடன் வேறு பல அளவைகள் சேர்ந்துள்ளன. எனினும் தேடுகிறவனுக்கு உண்மையாகப் பயன்படுவது எது என்று கண்டறிவதே எல்லாவற்றின் நோக்கமும்.

அந்நோக்கத்துக்கு உதவும் முயற்சி நேர்மையானது. சரக்கு எந்தத் தோல், எம்முறையில் பதனிட்டது, விலை என்ன, கடை எங்கே என்பவற்றைத் தெளிவாக எழுதுதல். வாங்குவோர் வழக்கமாகக் கேட்கும் சொற்களையே தலைப்பில் வைத்தல். கைப்பேசியில் பக்கம் விரைவாகத் திறக்கச் செய்தல் ஆகிய இவை குற்றமல்ல, கடமை. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதி விளக்கேற்றுவதை யார் குறை சொல்வார்?

மற்றது வஞ்சனை. வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தாகச் சொற்களைக் கொட்டி ஒளித்தல், தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதனுக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுதல், விலைக்கு இணைப்பு வாங்குதல், சரக்கு வாங்காதவர் பெயரால் புகழுரை எழுதுவித்தல், ரெக்ஸினை "அசல் தோல்" என்று சொல்லுதல் எல்லாம் இவ்வகை. நீதிமன்றப் பழக்கமுள்ள நமக்கு இவற்றுக்குத் தெரிந்த பெயர் பொய்ச்சாட்சி.

பெரிய கம்பெனிகளும் இதில் அகப்பட்டதுண்டு. 2006-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் ஜெர்மானியத் தளம், தேடுபொறிக்கென்றே சொற்களை நிரப்பிய பக்கங்களை வைத்ததற்காகக் கூகிள் பட்டியலிலிருந்தே சில நாட்கள் நீக்கப்பட்டது. 2011-ல் அமெரிக்காவில் ஜே.ஸி. பென்னி கம்பெனிக்கு, சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் வந்திருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்திற்று. தமக்கு ஒன்றும் தெரியாதென்று கூறிக் கம்பெனியார் முகவரை விலக்கினர். ஆயினும் முதலிடத்திலிருந்து சரிந்தது முகவரல்ல, கம்பெனியே. நம் நாட்டிலும் 2014-ல், ஷாதி.காம் என்ற பெயரைத் தன் தளத்தின் மெட்டா டேக் என்னும் மறைகுறிப்புகளில் புகுத்தி வாடிக்கையை இழுத்த போட்டியாளருக்குப் பம்பாய் ஹைகோர்ட்டு தடையுத்தரவு பிறப்பித்தது.

"எல்லாரும் செய்கிறார்கள், நாங்கள் மட்டும் அரிச்சந்திரனாயிருந்தால் பட்டினிதானே?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யோம். வஞ்சகன் முந்துவதும் யோக்கியன் பின்தங்குவதும் நடக்கவே செய்கின்றன. கூகிள் தர்மதேவதையுமன்று, விளம்பரத்தால் பொருளீட்டும் ஒரு கம்பெனி. ஆயினும் இதே வாதத்தை நம் பிரதேசம் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறது. "அடுத்தவன் விடுகிறான், நானும் விடுகிறேன்" என்று தோல் பதனிடுவோர் கழிவுநீரை விட்டனர்; பாலாறு பாழாயிற்று, கிணறு கெட்டது, குடியானவன் வயல் உப்பேறிற்று. 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு, அசுத்தப்படுத்தியவனே ஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றைப்பற்றி மறுபடி உத்தரவிட நேர்ந்தது. கெடுப்பது எளிது, மீட்பது அரிது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

தேடுபொறியும் ஜனங்கள் எல்லாரும் மொள்ளும் ஒரு நீர்த்துறைதான். அதில் பொய் கலந்தால், ஏமாந்தவன் ஒரு கடையை மட்டும் வெறுப்பதில்லை; இப்பக்கத்துச் சரக்கையே சந்தேகிக்கிறான். அப்பொழுது யோக்கியனுடைய செருப்பும் விலைபோகாது.

ஆகவே முகவர் வந்தால், செய்யப்போவது என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். இணைப்புகள் எங்கிருந்து வருமென்று கேளுங்கள். முதலிடத்தை உறுதி கூற எவராலும் இயலாதென்று கூகிளே அறிவித்திருப்பதை எடுத்துக்காட்டுங்கள். வாடிக்கைக்காரர் அறிந்தால் நாம் வெட்கப்பட வேண்டிய காரியம் எதுவோ அதை மறுத்துவிடுங்கள். இது தனி ஒருவரால் மாத்திரம் ஆவதன்று. பொய் இணைப்பும் பொய்ப் புகழுரையும் வாங்குவதில்லையென்று நம் வியாபாரிகள் சங்கங்கள் கூடித் தீர்மானிக்கட்டும். ஆவாரம்பட்டைக் குழியில் தோல் பதமாக வாரக்கணக்காகுமென்பதை அறிந்தவர்களுக்கு, நற்பெயர் ஒரே மாதத்தில் விளையாதென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?