மோட்டார் எஞ்சின் தடுமாறுவது ஏன்?

நான்கு சிலிண்டர்களைக் கொண்ட பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிஷத்திற்கு 3,000 சுற்று வீதம் ஓடும்போது, அதனுள் வினாடிக்கு 100 முறை தீப்பொறி எழுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை 100 முறை எரிகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் பங்கும் வினாடிக்கு 25. எப்போதோ ஒருமுறை பொறி தவறினால் ஓட்டுபவருக்கு அது தெரியாமலே போகலாம். ஆனால் ஒரே சிலிண்டர் அடிக்கடி தவறுமாயின், வண்டி நின்ற இடத்தில் நின்றவாறே குலுங்கும்; மேடு ஏறும்போது திணறும்; புகைக் குழாயின் வாயில் கையை வைத்தால் சீராக வரவேண்டிய காற்று இடையிடையே அறுந்து வருவதை உணரலாம். பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்று சொல்லப்படும் கோளாறு இதுவே.

இக்கோளாறு கடினமானதன்று, ஆயினும் இதற்காகச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி வீணாகவே செலவாகிறது. 1,50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார் ஒன்று பட்டறைக்கு வருவதாகக் கொள்வோம். முதல் நாள் பிளக்குகள் நான்கும் மாற்றப்படுகின்றன. குலுக்கம் நிற்கவில்லை. அடுத்து காயில், அதன்பின் கார்புரேட்டர் மாற்றப்படுகின்றன. அப்போதும் நிற்காவிடில், "வண்டி பழசாகிவிட்டது, எஞ்சினை இறக்கிச் சிலிண்டர்களைக் கடைய வேண்டும்" என்ற முடிவு சொல்லப்படுகிறது. வண்டி பழையது என்பது உண்மையாகையால், அம்முடிவை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சில வாரங்களும் பெருந்தொகையும் போன பிறகு, டிஸ்டிரிபியூட்டரில் தேய்ந்திருந்த ஒரு சிறு புஷ்தான் காரணம் என்று தெரியவந்தால் எப்படியிருக்கும்? பாகத்தை மாற்றுவதற்குமுன் எஞ்சினைச் சோதித்து உண்மையை அறியும் ஒழுங்கு இருந்தால் இது நேராது.

இவ்வொழுங்கை விளக்க நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்ளலாம். அதில் பல ஆண்டுகள் பொருத்தப்பட்டுவந்த 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் அமைந்திருக்கிறது. மாணவருக்குக் காட்டிக் கற்பிக்க இதனினும் ஏற்ற எஞ்சின் கிடைப்பது அரிது. ரேடியேட்டரை அடுத்திருப்பது முதல் சிலிண்டர். பொறி எழும் வரிசை 1, 3, 4, 2 ஆகும். இவ்வரிசை பின்னர் வரும் ஒரு சோதனைக்கு மிகவும் தேவைப்படுமாதலால் மனத்தில் இருத்துவது நலம்.

சிலிண்டர் ஒன்று வேலை செய்ய மூன்று தேவைகள் உள. தக்க சமயத்தில் வலுவான தீப்பொறி வேண்டும். சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் வேண்டும். பிஸ்டன் மேலேறும்போது கலவை வெளியே கசியாமல் அழுத்தப்பட வேண்டும். குற்றவாளி எந்தச் சிலிண்டர் என்பதை முதலிற் கண்டுபிடித்து, பிறகே இம்மூன்றில் எது குறைகிறதென்று ஆராய வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி பழையது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, உறை போட்ட பிடியுள்ள நீண்ட திருப்புளியின் தண்டை எஞ்சினின் தலைமீது சாய்த்து, அதன் நுனியை ஒரு பிளக்கின் உச்சிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பொறிக்கான மின்சாரம் திருப்புளி வழியே இரும்புக்குள் இறங்கிவிடும். அந்தச் சிலிண்டர் நின்றுபோகும். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டராயின் எஞ்சினின் ஒலி உடனே தாழும். ஏற்கெனவே செத்துக் கிடந்ததாயின் ஒலியில் மாற்றம் இராது. மின்கம்பியைக் கழற்றித் தொங்கவிடுவது தவறு. போக வழியின்றி நிற்கும் உயர் மின்னழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்துவிடும். மின்னணு முறையில் பொறி எழுப்பும் பிற்கால வண்டிகளில் இச்சோதனையே கூடாது. அவற்றில், கிராங்க் தண்டின் வேகம் நொடிக்கு நொடி மாறுவதை எஞ்சினின் கணிப்பான் கவனித்துத் தவறும் சிலிண்டரின் எண்ணைக் குறித்து வைக்கிறது. 'பி0301' என்ற குறியீடு முதல் சிலிண்டரையும், 'பி0302' இரண்டாவதையும் சுட்டும். ஆனால் ஏன் தவறியது என்பதை அக்குறியீடு சொல்லாது. குறியீட்டைப் படித்தவுடன் காயிலை மாற்றிவிடுவது, முன்பு பிளக்குகளை மாற்றியதைப் போன்றதே.

தவறுவது ஒரு சிலிண்டரன்றி இரண்டாயின் பொறி வரிசை துணைக்கு வரும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒருசேரச் சோர்ந்தால், எஞ்சின் தலையின் கேஸ்கெட் அவ்விரண்டுக்கும் நடுவே எரிந்து பிளந்திருக்கலாமென்று ஐயுறவேண்டும். ஏனெனில் அவை எஞ்சினில் அண்டை வீடுகள், பொறி வரிசையிலோ தொலைவில் உள்ளவை. முதலாவதும் மூன்றாவதும் சோர்ந்தால் நிலைமை மாறுகிறது. எஞ்சினில் அவற்றிடையே இன்னொரு சிலிண்டர் இருக்கிறது. டிஸ்டிரிபியூட்டர் மூடியிலோ அவற்றின் முனைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடிட்டது போன்ற கரித்தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தடத்தின் வழியே ஒரு முனைக்குரிய பொறி மற்றதற்குத் தாவுகிறது. முதலாவதும் இரண்டாவதும் இருவகையிலும் அண்டையிலிருப்பவை. அன்றியும் இவ்வெஞ்சினில் கலவை அவ்விரண்டுக்கும் ஒரே வழியாக நுழைகிறது. எனவே அங்கே மூன்று ஐயங்களும் எழும்; வேறு சோதனையின்றி முடிவு கூறலாகாது. வகுப்பில் கரும்பலகையில் சிலிண்டர்களின் வரிசையையும் பொறி வரிசையையும் அடுத்தடுத்து எழுதினால், மாணவர்களே இதைக் கண்டுபிடித்துவிடுவர்.

அடுத்து, ஐயத்திற்குரிய சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்வு. பெட்ரோலால் நனைந்திருந்தால் பொறியே இல்லை. அந்தப் பிளக்கை நல்ல சிலிண்டருக்கும், நல்லதை இதற்கும் மாற்றிப் போட்டு ஓட்டினால், நோய் பிளக்குடன் செல்கிறதா, சிலிண்டரிலேயே தங்குகிறதா என்பது காசு செலவின்றித் தெரிந்துவிடும். மின்கம்பிகளை இருட்டில் சோதிப்பது நல்லது. இரவில் விளக்கை அணைத்து எஞ்சினை ஓடவிட்டால், காப்பு வெடித்த கம்பியின்மீது நீலப்பொறிகள் ஊர்வது தெரியும். மழைக்காலத்துக் காலை வேளையில் மட்டும் வரும் தடுமாற்றத்திற்குப் பெரும்பாலும் இதுவோ, மூடியினுள் படிந்த ஈரமோ காரணமாகும்.

மிகுதியாக ஓடிய வண்டிகளுக்கே உரிய கோளாறு டிஸ்டிரிபியூட்டரின் தண்டில் உண்டாவது. அத்தண்டின் நான்கு முகடுகளும் முறையே வந்து பாயிண்டுகளைத் திறக்கின்றன. திறப்பின் இடைவெளி 0.014 அங்குலத்திற்கும் 0.016 அங்குலத்திற்கும் இடையே இருக்கவேண்டும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டால் தண்டு ஆடும். ஒரு முகட்டில் சரியாக அமைத்த இடைவெளி மற்றொன்றில் மிகுந்தோ குறைந்தோ போகும். புதிய பாயிண்டு போட்டும், எத்தனை முறை சரிசெய்தும், வேகமெடுத்ததும் ஏதோ ஒரு சிலிண்டர் தவறும். மெல்லிய அளவுத் தகட்டைக் கொண்டு நான்கு முகடுகளிலும் தனித்தனியே அளந்தால் ஐந்தே நிமிஷத்தில் உண்மை விளங்கும். பட்டறைகளில் ஒரே முகட்டில் அளந்து நிறுத்திவிடுவது வழக்கமாயிருப்பதால்தான் இக்கோளாறு இத்தனை காலம் ஒளிந்திருக்கிறது. பாயிண்டுகளின் முகம் விரைவில் கருகிக் குழிவிழுமாயின் கண்டென்சரை ஐயுறவேண்டும். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடேறியபின் மட்டும் தவறும் எஞ்சினில் கண்டென்சரையும் காயிலையும் சூடாக உள்ளபோதே சோதிக்க வேண்டும்.

பொறியில் குறையில்லையெனில் கலவையை நோக்கலாம். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட மூட்டுகளில் காற்று புகுந்தால் கலவை நீர்த்துப்போகும். மூட்டுகளின்மீது ஒவ்வோர் இடமாகச் சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டால், ஓட்டை அடைபடும் கணத்தில் எஞ்சின் சீராகும். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவோர் உண்டு. சூடான புகைக்குழாய் பக்கத்திலேயே இருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் இளக்கும். டாங்கியில் பல்லாண்டாகப் படிந்த துருவைப் பெயர்த்துக் கார்புரேட்டரின் நுண்துளைகளில் கொண்டு சேர்க்கும். ஆகவே இத்தகைய வண்டிகளில் குழாய்களையும் வடிகட்டியையும் பார்ப்பது முன்னைவிட அவசியமாகிறது.

எஞ்சினை இறக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியது அழுத்தச் சோதனை ஒன்றே. எஞ்சினைச் சூடாக்கி, பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து, பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் அழுத்தமானியால் அளக்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒத்திருந்தால், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருப்பினும், தடுமாற்றத்திற்குக் காரணம் அங்கே இல்லை. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் வளையங்கள் தேய்ந்துள்ளன; உயராவிடில் வால்வோ கேஸ்கெட்டோ கசிகிறது.

வால்வு என்று தெரிந்தால் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. பொதுமக்களின் நலத்திற்கு அது பெரிதும் உதவியது. ஆனால் பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் வால்வின் இருக்கைக்கு மெத்தைபோல் உதவிய ஈயப்படிவு இல்லாமற் போயிற்று. புகை வால்வு மெல்ல மெல்ல இருக்கைக்குள் புதைய, டாப்பெட் இடைவெளி குறைகிறது. வழக்கமாகக் கேட்டுவந்த டாப்பெட் ஓசை அடங்கியது கண்டு உரிமையாளர் மகிழ்வதும் உண்டு. இடைவெளி முற்றும் மறைந்தபின் வால்வு முழுதும் மூடாமல் எரியத் தொடங்கும். ஆரம்பத்திலேயே கண்டால் இடைவெளியைச் சரிசெய்வதோடு போகும். எரிந்த பின்போ தலையைக் கழற்றி, கடினமான இருக்கைகளைப் பதிக்க வேண்டும். அப்போதும் சிலிண்டர்களைக் கடைய வேண்டிய தேவை இல்லை.

கோளாறு எதுவாயினும், நெடுநாள் தவறிய சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். அளவுகோலை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை தெரியும். பழுது நீங்கியவுடன், அடுத்த தவணைக்குக் காத்திராமல், எண்ணெயை அன்றே வடித்து மாற்றிவிட வேண்டும்.