ஆறாவது இடத்தில் ஓர் எழுத்து

நம் உடம்பு நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்க்குள்ளும் சிவப்பணு உடலை மடக்கி நுழையும். மறுபக்கம் பழையபடி வட்டமாக வெளிவரும். இப்படியே 120 நாள் ஓடும். இந்த நெகிழ்வை வகுத்தவனை எண்ணினால் கை தானாகக் குவிகிறது.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடம் குளுட்டாமிக் அமிலத்துக்கு உரியது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'டி' வந்தால் அங்கே வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்கார்ந்துகொள்ளும். வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிவைத்த மூலக்கூறுகள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, நீண்ட இழைகளாகி, வட்ட அணுவை அரிவாளாக வளைத்துவிடும். அது நுண்குழாயை அடைத்தால் எலும்புக்குள் உயிர்போகிற வலி. இந்த அரிவாளணுச் சோகை மூலக்கூறில் பிறக்கும் நோய் என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழு சொன்னது. மாறியது எது என்பதைச் சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் காட்டினார்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த எழுத்து வந்தால்தான் இந்நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், அதே எழுத்து கொடிய மலேரியாவிலிருந்து பிள்ளையைக் காக்கிறது! கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954-இல் இதை எழுதினார் ஆண்டனி அலிசன். நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இந்தக் கூறு இருப்பது 1952-இலேயே தெரிந்துவிட்டது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகளை அது காய்ச்சலிலிருந்து மீட்டதோ! வெறும் பிழை என்று ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றுதான் என்னை மலைக்க வைக்கிறது. இந்நோயோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கும். கருவில் உருவான வேறொரு ஹீமோகுளோபின் அதுவரை காவல் நிற்கிறது. அதில் பீட்டா சங்கிலியே கிடையாது. பிறகு பிசிஎல்11ஏ என்ற மரபணு அதன் உற்பத்தியை அடக்கிவிடுகிறது. மருந்து உடம்புக்குள்ளேயே இருக்கிறது, பூட்டிய நிலையில்! 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை அந்தப் பூட்டைத்தான் திறக்கிறது. மாறிப்போன எழுத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் நாட்டில் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா என்ற எளிய மருந்தும் அதே கரு ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது. அந்த அளவுக்குக் கூட்டாது. ஆனாலும் மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு இன்று எட்டக்கூடியது அதுதான்.