பொட்டு வைக்கிற கை, ஆயிலும் பார்க்கட்டும்!



கேஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாத இல்லத்தரசி இன்று யாராவது உண்டா? ரெகுலேட்டரைக் கழற்றி, உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, மாட்டி, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறோம். மிக்ஸி பிளேடு, குக்கர் கேஸ்கட், தையல் மெஷின் பெல்ட்... எல்லாம் நம் கையில்தான். ஆனால் வாசலில் நிற்கிற வண்டியின் பானட்டைத் தூக்கினால் மட்டும், "ஏ மதினி, ஆம்பளை வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வருகிறது!

வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, அதே வண்டியைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது யார்? நாம்தான். பொட்டு வைக்கிற கை ஆயிலும் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி என்பது ஆடம்பரம் அல்ல, பிழைப்பு. மதுரையிலிருந்து தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் அகல ரயில் வந்துவிட்டது. ஆனால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் தண்டவாளமே கிடையாது. விடியுமுன்னே கூடையும் தூக்குவாளியுமாகப் பெண்கள் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்புகிறார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜின் சூடாகும், இறங்கும்போது பிரேக் சூடாகும். 2022 டிசம்பரில், சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் கார் கவிழ்ந்து இறந்த செய்தி இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மலைப்பாதை சின்னக் குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஓட்டுவதும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்தான். என் தம்பி மெக்கானிக். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். "அக்கா, இதுக்குப் படிப்பு வேண்டாம். பழைய துணி, டார்ச் லைட், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்" என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி சூடாகாமல் இருக்கும்போது, அரை மணி நேரம் போதும். நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இன்ஜின் ஆயில். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஓடி வந்த வண்டியானால் இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விட வேண்டும். அளவுக் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் சரி. கீழ்க் கோட்டுக்கு இறங்கினால், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் பால் காப்பி நிறத்தில் இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது கூலன்ட். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் கோடு போட்டிருப்பார்கள். குறைந்தால் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாய் உப்பு படியுமே, அதேதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறப்போமா? அதே கதைதான். முகமே வெந்துவிடும்.

மூன்றாவது, எங்கள் ஊருக்கு ரொம்ப முக்கியம், பிரேக் ஆயில். இதுவும் கோடு போட்ட சின்ன டப்பாதான். பிரேக் கட்டை தேயத் தேய இது மெல்லக் குறைவது சகஜம். திடீரென்று குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இன்னொரு விஷயம், இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் அப்பளம் மழைக்காலத்தில் நமத்துப் போவது மாதிரி. டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சூடு வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் என்ன நிற்கும்? பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதும் இதற்காகத்தான். வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்து இருபது எண்ணுங்கள். பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். காலோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அன்றைக்கு வண்டி மலை ஏறக் கூடாது.

போன வருஷம் மழை நாளில் ஒரு ஞாயிறு, டப்பாவில் பிரேக் ஆயில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, புழுதி அப்பிக் கிடந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதும், "நேத்துகூட நல்லாத்தானே பிடிச்சுச்சு. நாளைக்கு ஆள் ஏத்தணும், அப்புறம் பாக்கலாம்" என்றார். "ஏங்க, பின்னாடி உக்கார்றது அத்தனை வீட்டுப் பொம்பளைங்க. அவங்க பிள்ளைகளுக்கு நாம பதில் சொல்ல முடியுமா?" என்றேன். பேசாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனார். வீல் சிலிண்டர் ரப்பர் கிழிந்திருந்ததாம். ஒரு நாள் வாடகை போனது, ரிப்பேர் கூலி போனது. போகட்டும். அந்த வாரமும் எல்லாரும் அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான்காவது டயர். காற்றை வண்டி சூடாகுமுன் பார்க்க வேண்டும். ஓடிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பள்ளங்களுக்குள் குட்டிக் குட்டி மேடுகள் இருக்கும், தடவிப் பாருங்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதன் பிறகு அந்த டயரை ஓட்டக் கூடாது. பக்கவாட்டில் வீக்கம், வெடிப்பு இருந்தாலும் அப்படியே. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அது கெட்டுக் கிடப்பது நடுக்காட்டில் நிற்கும்போதுதான் தெரியும்!

பஞ்சர் டயரை மாற்ற வீட்டு வாசலிலேயே ஒரு முறை பழகிவிடுங்கள். கை பிரேக் போட்டு, கியரில் வைத்து, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி சரியும். தளர்த்தக் கை பலம் பத்தாவிட்டால் வீல் ஸ்பேனரில் இரும்பு பைப்பைச் செருகி நீளமாக்குங்கள். ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. நட்டை வரிசையாக முடுக்காமல் எதிர் எதிராக முடுக்கி, வண்டியை இறக்கிய பின் மறுபடி இறுக்குங்கள்.

ஐந்தாவது பேட்டரி. முனையில் வெள்ளையாய், பச்சையாய்ப் பூத்திருந்தால் முதலில் மைனஸ் வயரைக் கழற்றி, அப்புறம் பிளஸ் வயரைக் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் மாட்டி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. வளையல், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான்.

மிச்சமெல்லாம் கண்ணால் பார்ப்பதுதான். ஒருவர் பிரேக் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று லைட் எரிகிறதா என்று பார்க்கலாம். எங்கள் வீட்டில் அது பிள்ளைகள் வேலை. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் எங்கள் ஊரில் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டி வைப்போம். ஐப்பசி மழை பிடிக்குமுன் வைப்பர் ரப்பரைத் தடவிப் பார்ப்போம். தீவன மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் எலி வந்து வயரைக் கடிக்கும். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், என்ன செலவு என்று பால் கணக்கு மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஒர்க்‌ஷாப்பில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

தொடக் கூடாததும் உண்டு. பிரேக்கைப் பிரிப்பது, ஏசி கேஸ், ஏர் பேக், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற வயர்... இவையெல்லாம் தெரிந்தவர் வேலை. கழித்த ஆயிலை வாய்க்காலில் கொட்டுவதும் தப்பு. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் பாய்கிற வயல் நம்முடையது. கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

"ஆம்பளை வேலை" என்பவர்களுக்கு ஒரு செய்தி. கார் ஓட்டி முதன்முதலாக நெடுந்தூரம் போனதே ஒரு பெண்தான். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் என்பவர் செய்த மூன்று சக்கரக் காரை அவர் மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம்கூடச் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எங்கே? தாய் வீட்டுக்கு! வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் போய் அதன் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைக்குப் பிரேக் கட்டையில் ஒட்டுகிறார்களே, அந்த லைனிங்குக்கு அதுதான் ஆரம்பம் என்கிறார்கள். கொண்டை ஊசியும் கையுமாக இருக்கிற நம்மால் முடியாதா?

வீட்டில் வண்டி இல்லாத சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜீப்பில் ஏறுமுன் டயரை ஒரு பார்வை பாருங்கள். வழுக்கையாக இருந்தால், அளவுக்கு மேல் ஆள் அடைத்தால், "அண்ணே, இந்த வண்டியில நாங்க ஏறல" என்று நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் திட்டுவார்கள், நாலு பேர் சொன்னால் டயர் மாறும். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பானட்டைத் திறந்து அந்த அளவுக் கம்பியை ஒருமுறை உருவிப் பாருங்களேன். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

— ஒரு வாசகி, கம்பம், தேனி மாவட்டம்.