நிரையும் நிரலும்: இருவகைத் தரவுத்தளங்களின் இணைப்புப் பற்றிய ஒரு குறிப்பு

பன்விலப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் செக்றோலை அறியாதார் இலர். அதன் ஒவ்வொரு நிரையும் ஒரு தொழிலாளிக்குரியது. ஒவ்வொரு நிரலும் ஒரு நாளுக்குரியது. நிரை வழியே வாசித்தால் ஒருவருடைய மாதக் கணக்குத் தெரியும். நிரல் வழியே வாசித்தால் அன்று உழைத்தோர் அனைவரினதும் பொதுநிலை புலப்படும். கணினித் தரவுத்தளங்களிடையேயும் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

2000ஆம் ஆண்டில் றிச்சட் ஹிப் உருவாக்கிய எஸ்கியூலைட் நிரை வழியே சேமிப்பது. தனிச் சேவையகம் வேண்டாது, தரவு முழுவதையும் ஒரே கோப்பில் அடக்குவது; பதிவுகளை எழுதவும் திருத்தவும் ஏற்றது. அம்ஸ்ரடாமிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தில் உருவாகி 2019இல் வெளிவந்த டக்டிபி நிரல் வழியே சேமிப்பது. கூட்டுத்தொகை, சராசரி, ஒப்பீடு ஆகியவற்றுக்கு உகந்தது.

இவ்விரண்டையும் இணைப்பதற்கு டக்டிபியில் நீட்சியொன்று உண்டு. 'அற்றாச்' என்னும் கட்டளையோடு கோப்பின் பெயரையும் அது எஸ்கியூலைட் வகையினது என்பதையும் குறித்தால், கோப்பிலுள்ள அட்டவணைகளை நேரடியாகவே வினவலாம். வாசிப்புக்கு மட்டும் எனக் குறித்தால் மூலப்பதிவு மாறாது. ஆயினும் கோப்பு நிரை வடிவிலேயே இருப்பதால், பெருந்தரவை மீண்டும் மீண்டும் ஆராய்வோர் அதனை டக்டிபி அட்டவணையாகப் பிரதிசெய்தல் விரைவு தரும்.

முரண்பாடு தரவின் வகை தொடர்பாகவே எழுகின்றது. எண்ணுக்கென வகுத்த நிரலிலும் எஸ்கியூலைட் சொல்லை ஏற்கும், டக்டிபி ஏற்காது. கொழுந்தின் கிலோவைக் குறிக்கும் நிரலில் ஒருவர் 'அரைப்பேர்' என எழுதியிருப்பாராயின், வினா அவ்விடத்திலேயே தடைப்படும். எல்லா நிரல்களையும் எழுத்தாகவே வாசிக்குமாறு பணித்து, எண்ணாகத்தக்கவற்றைப் பின்னர் எண்ணாக மாற்றலாம். மாறாதவற்றை வெறுமையெனத் தள்ளிவிடுதல் எளிது. அவ்வெளிமையை நாம் ஏற்பதற்கில்லை. நியமித்த கிலோ நிறையாமையால் கூலி பாதியான நாளையே 'அரைப்பேர்' என்னும் சொல் குறிக்கின்றது. அத்தகைய நாள்களை நீக்கிப் பெறும் சராசரி உண்மை நிலையை மிகைப்படுத்திக் காட்டும். ஆதலின் அச்சொல்லுக்கெனத் தனி நிரலொன்று அமைத்தலே முறை.

இரு மென்பொருள்களும் விலையின்றிக் கிடைப்பன. ஒரு மடிக்கணினி போதும். செக்றோல் தோட்ட நிருவாகத்தின் ஆவணம். தம் நாட்கணக்கைத் தாமே பதிந்து, அதனைக் கூட்டாக வினவும் வாய்ப்பு இன்று தொழிலாளருக்கும் உண்டு. எதனை வினவுவது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அணிதிரண்ட மனிதரே தீர்மானிக்கின்றனர்.