ஜிம்முக்குப் போயும் உடம்பு ஏறவில்லையா? குறை உங்களிடம் மட்டும் இல்லை!

ஒரே தெரு, ஒரே வயது, ஒரே ஜிம். ஜனவரி ஒன்றாம் தேதி இரண்டு நண்பர்கள் ஒன்றாகப் பணம் கட்டிச் சேர்கிறார்கள். ஒரே மாஸ்டர், ஒரே டம்பெல். ஆறு மாதம் கழித்து ஒருவருக்குச் சட்டைக் கை இறுக்கிப் பிடிக்கிறது. இன்னொருவருக்கு அதே பழைய சட்டை தொளதொளவென்று தொங்குகிறது.

"ஒழுங்கா எக்சர்சைஸ் பண்றியா, இல்ல செல்ஃபி எடுத்துட்டு வந்துடுறியா?" என்று வீட்டில் கேலி. "ஒரு ஊசி இருக்கு தம்பி, மூணே மாசம்தான்" என்று ஜிம்மில் யாரோ காதைக் கடிக்கிறார்கள். எல்லா ஊரிலும், எல்லா ஜிம்மிலும் இருக்கும் இந்த இரண்டாவது நண்பருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

585 கைகள் சொன்ன உண்மை

அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது. 585 ஆண்களையும் பெண்களையும் அழைத்து, அதிகம் பழக்கமில்லாத கைக்கு மட்டும் 12 வாரங்கள் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பயிற்சிதான். முன்னும் பின்னும் தசையின் அளவை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்.

சராசரியாகத் தசை கிட்டத்தட்ட 20 சதவிகிதம் வளர்ந்திருந்தது. ஆனால், ஒவ்வொருவராகப் பார்த்தபோதுதான் ஆச்சர்யம். ஒருவருக்கு 59 சதவிகிதம் வளர்ந்திருந்தது. இன்னொருவருக்கு 2 சதவிகிதம் குறைந்தேபோயிருந்தது! வலிமையிலும் இதே கதைதான். சிலருக்கு மாற்றமே இல்லை. சிலருக்கு 250 சதவிகிதம் கூடியிருந்தது. ஒரே விதையை ஊன்றினாலும் எல்லா மண்ணிலும் ஒரே விளைச்சல் வராது என்பது உடம்புக்கும் பொருந்தும்.

தசைக்குள் ஒரு மேஸ்திரி கணக்கு

ஏன் இந்த வித்தியாசம்? தசை நார் என்பது நீளமான ஒரு செல். மற்ற செல்களைப் போல இதற்கு ஒரே ஓர் உட்கரு கிடையாது, நிறைய உண்டு. ஒரு மேஸ்திரி இத்தனை கொத்தனார்களைத்தான் மேய்க்க முடியும் என்பதுபோல, ஓர் உட்கருவால் குறிப்பிட்ட அளவு தசையைத்தான் கவனிக்க முடியும். வேலை பெருக வேண்டுமென்றால் புது மேஸ்திரிகள் வேண்டும். அவர்களை அனுப்பிவைப்பவை, தசை நாரை ஒட்டியே காத்திருக்கும் 'சாட்டிலைட் செல்கள்'.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 66 பேருக்கு 16 வாரங்கள் தொடைப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். 17 பேருக்குத் தசை நார்கள் 50 சதவிகிதத்துக்கும் மேல் பருத்தன. இன்னொரு 17 பேருக்கு வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம். மீதி 32 பேர் நடுவில். அமோகமாக வளர்ந்தவர்களிடம் தொடக்கத்திலேயே சாட்டிலைட் செல்கள் அதிகமாக இருந்தன. பயிற்சியின்போது அவை இன்னும் பெருகின.

மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. தசை அளவுக்கு மீறி வளராமல் பிரேக் போடும் 'மயோஸ்டாட்டின்' என்ற புரதத்தை 1997-ல் கண்டறிந்தார்கள். இந்த பிரேக் வேலை செய்யாத 'பெல்ஜியன் புளூ' என்ற மாட்டு இனம், டம்பெல்லே தொடாமல் பாடிபில்டர் போலத் திமிறிக்கொண்டு நிற்கும்!

லண்டன் டாக்டரும் புனே டாக்டரும்

இந்தியர்களுக்கு இன்னொரு சவால் இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இன்னொருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால், யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவிகிதம்!

இதன் வேர் கருவறையிலேயே தொடங்குகிறது. யாக்னிக் குழுவினர் புனே கிராமப்புறக் குழந்தைகளை இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது பெரும்பாலும் தசைதான். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைகள்தான். எனவே, நமக்குத் தசை என்பது அழகு விஷயம் மட்டுமல்ல. சர்க்கரை நோயைத் தள்ளிவைக்கும் ஆயுதமும்கூட.

"நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்புல ஒட்ட மாட்டேங்குது!"

அம்மாக்களின் இந்தப் புலம்பலிலும் அறிவியல் இருக்கிறது. 1999-ல் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 16 பேருக்கு எட்டு வாரங்கள் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் கொழுப்பு ஏறியது; இன்னொருவருக்கு அரை கிலோகூட ஏறவில்லை. காரணம், சிலருடைய உடம்பு கூடுதல் உணவு கிடைத்ததும், தன்னையறியாமல் அதிகம் அசைய ஆரம்பித்துவிடுகிறது. காலை ஆட்டுவது, எழுந்து நடப்பது என்று வந்த கலோரி அப்படியே செலவாகிவிடும்.

அடுத்தது புரதம். தசை வளர்ச்சிக்கு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும் என்பது, 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான முடிவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம். காலையில் நான்கு இட்லி சாப்பிட்டால் கிடைப்பது எட்டு கிராம் அளவுதான். மதியம் தட்டு நிறையச் சோறு, கொஞ்சம் சாம்பார், பொரியல். இரவு தோசை, சட்னி. வயிறு நிறைந்துவிடும், புரதக் கணக்கு பாதியைத் தொடுவதே கஷ்டம்.

இதற்கு விலை உயர்ந்த பவுடர் டப்பா கட்டாயமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கோழிக்கறியில் 20 கிராமுக்கு மேல், 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம், 100 கிராம் மீல் மேக்கரில் சுமார் 50 கிராம் புரதம் இருக்கிறது. பால், தயிர், சுண்டல், பருப்பு என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தாலே கணக்கு நேராகும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கூட்டவும்.

பயிற்சியில் எங்கே ஓட்டை?

முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பகுதி நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணுக்குத் தெரியும் தசைக்குப் பலருக்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து, ரீல்ஸ் பார்த்து வாரத்துக்கு ஒரு பயிற்சி என்று மாற்றுபவர்கள் அதிகம்.

இன்னொரு தவறு, ஆறு மாதமாக அதே ஐந்து கிலோ டம்பெல்லைத் தூக்குவது. சுமை கூடாமல் தசை கூடாது. ஒரு நோட்டு போடுங்கள். எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை முறை என்று எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு, மூன்று முறை தூக்குவது நிஜமாகவே சிரமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கொடுங்கள். கைக்கு மட்டும் பயிற்சி எடுத்துக் காலை மறந்துவிடாதீர்கள். இரவு ஒரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், பகலில் பட்ட கஷ்டத்துக்குப் பலன் குறையும். தசை சீராவது ஓய்விலும் உறக்கத்திலும்தான்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போகிறதா? தைராய்டு, சர்க்கரை நோய், காசநோய் போன்றவை காரணமாக இருக்கலாம். மாஸ்டரிடம் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அந்த ஊசி வேண்டாம்!

1996-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 10 வாரங்கள் அதிக அளவு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு, எடைப் பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்குக் கொழுப்பல்லாத உடல் எடை சுமார் மூன்று கிலோ கூடியது. ஊசியின்றி வியர்வை சிந்தி உழைத்தவர்களுக்குச் சுமார் இரண்டு கிலோதான். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஆறு கிலோ. நாம் இன்ஸ்டாகிராமில் பார்த்து ஏங்கும் சில உடம்புகளின் ரகசியம் இதுதான்.

ஆனால், வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். இதயத்துக்கும் ஆபத்து. மூன்று மாதப் புஜத்துக்காக நாளைய குழந்தையைப் பணயம் வைக்கலாமா?

பூஜ்யம் என்று யாரும் இல்லை

டேப் வைத்து அளந்தால் சிலருக்கு வளர்ச்சி குறைவாகத் தெரியலாம். ஆனால், பலன் என்பது சுற்றளவு மட்டும்தானா? நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் இதைத்தான் கேட்டார்கள். எடைப் பயிற்சி செய்த முதியவர்களின் தசை, வலிமை, நாற்காலியிலிருந்து எழும் வேகம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஏதாவது ஒன்றிலாவது பலன் பெறாதவர் ஒருவரும் இல்லை.

அதற்கும் முன்பே, 1990-ல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய, தளர்ந்துபோன பத்து பேருக்கு எட்டு வாரங்கள் கால் பயிற்சி கொடுத்தார்கள். முழுமையாகச் செய்து முடித்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. தொடைத் தசையும் 9 சதவிகிதம் வளர்ந்தது.

எனவே, அந்த இரண்டாவது நண்பர் உங்கள் வீட்டில் இருந்தால், "உடம்பு ஏறிச்சா?" என்று கேட்காதீர்கள். "போன மாசத்தைவிட எத்தனை கிலோ கூடத் தூக்குற?" என்று கேளுங்கள். அவருடைய நோட்டில் பதில் இருக்கும். கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிவருவதில் தெரியும். சட்டை மெதுவாகவே இறுகட்டும்!