நாடி கிடைக்காது, ஆனால் உயிர் இருக்கும்

போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா எலக்ட்ரிக் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு மோட்டார், கன்ட்ரோலர், லித்தியம் அயனி பேட்டரி மூன்றும் அன்றாடப் பொருள்கள். இந்த மூன்றின் துணையோடு நடமாடும் இதய நோயாளிகள் இருக்கிறார்கள். இதயம் தளர்ந்து, மருந்துக்கும் கட்டுப்படாத நிலையில் இடது கீழறையில் பம்பு பொருத்திக்கொண்டவர்கள். சென்னையில் டாக்டர் கே.ஆர்.பாலகிருஷ்ணனின் குழு பல ஆண்டுகளாக இந்தச் சிகிச்சையைச் செய்துவருகிறது.

இதயத்தை எடுத்துவிட்டு இதை வைப்பதில்லை. கீழறையில் தேங்கும் ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குள் தள்ளுவதுதான் பம்பின் வேலை. தொடக்ககாலப் பம்புகள் இதயத்தைப் போலவே துடித்தன. பெரியவை, சீக்கிரம் தேய்ந்தன. ஆனாலும் 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பம்பு வைத்தவர்களில் 52 சதவீதம் பேர் ஓராண்டைத் தாண்டினார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதம்தான்.

பிறகு இடைவிடாமல் சுழலும் பம்புகள் வந்தன. தொல்லை பேரிங்கில் இருந்தது. ஸ்கூட்டர் பேரிங் தேய்ந்தால் கிரீஸ் வைக்கலாம், மாற்றலாம். ரத்தத்துக்குள் உரசும் பேரிங்கிலோ ரத்தம் உறைந்து கட்டியாகும். 2017இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 3இல் பேரிங்கே கிடையாது. காந்தப்புலம் சுழலியை அந்தரத்தில் நிறுத்துகிறது. இதைப் பொருத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். முந்தைய வகையில் 44 சதவீதம்.

ரத்தம் ஒரே சீராக ஓடுவதால் பலருக்குக் கையில் நாடி கிடைக்காது. சாதாரண பிரஷர் மெஷினும் சரியாகக் காட்டாது. டாப்ளர் கருவி வேண்டும். இது தெரியாதவர் உயிரோடிருப்பவரைப் பார்த்து, போய்விட்டதென்று முடிவுகட்டக்கூடும். எனக்குப் பெரிய கவலை இதுதான். மயங்கிக் கிடப்பவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் பம்பின் ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் முதலில் பம்பின் வயரையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். 108 ஊழியர் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பம்பை வெளியே உள்ள கன்ட்ரோலரோடும் பேட்டரியோடும் இணைக்க வயிற்றைத் துளைத்து வெளிவரும் வயர்தான் பலவீனமான இடம். அங்கே கிருமி தொற்றாமல் கட்டுப் போட வீட்டில் ஒருவர் பழக வேண்டும். இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 17 மணிநேரம் வரை தாங்கும். மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். இரவில் வீட்டு மின்சாரம்; கரண்ட் போனால் உடனே பேட்டரிக்கு மாற வேண்டும்.

பம்பின் விலை சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. நாளை அரசே அதைக் கொடுத்தாலும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி தேவை. அதற்காகப் போச்சம்பள்ளியிலிருந்து ஒவ்வொரு முறையும் சென்னைக்கு அலைய முடியாது. 2022இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் இந்த நோயாளிகளைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இருக்கட்டும். பம்பை வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடக்கூடிய வேலை இது.