இரவின் குடிகள் - 9: துணையில்லாதது என்று பெயர் வாங்கிய ரக்கூன்

விலங்கியல் கையேடுகளில் ரக்கூனின் குணத்தைப் பற்றி நெடுங்காலம் ஒரே வரிதான் இருந்தது: தனித்துத் திரியும் பிராணி. தாயும் குட்டிகளும் சேர்ந்திருப்பதை விதிவிலக்காகச் சொல்லிவிட்டு அடுத்த விலங்குக்குப் போய்விடுவார்கள். வட அமெரிக்காவில் குப்பைத் தொட்டி வரை வந்து போகிற ஒரு விலங்கைப் பற்றி இவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு எழுதியது அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன் உறவுகள் எல்லாம் இருட்டில் நடக்கின்றன. பல சந்திப்புகள் சீக்கிரமே முடிந்தும் விடுகின்றன. பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வடக்கு டகோட்டாவின் குட்டைகள் நிறைந்த புல்வெளியில் ரக்கூன்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தவர் எரிக் ஃபிரிட்செல். 1978இல் வெளியான அவரது ஆய்வில், வளர்ந்த ஓர் ஆண் சராசரியாக 2,560 ஹெக்டேர் சுற்றி வந்தது. பெண்ணுக்கு 806 ஹெக்டேர் போதுமானதாக இருந்தது. பெண்களின் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகப் படிந்து கிடந்தன. ஆண்களோ எல்லையைக் கறாராகக் காத்தன. ஒன்றின் நிலத்தில் மற்றொன்று கால் வைப்பது அபூர்வம். ஆக, ஆண் என்றால் பகை, தனிமை என்று முடிவுகட்டத் தோதான சான்று கிடைத்துவிட்டது.

பிறகு அதே ஃபிரிட்செல், ஸ்டான்லி கெர்ட்டுடன் சேர்ந்து தெற்கு டெக்சாஸில் ஆராய்ந்தார். அங்கே கதையே வேறு. மூன்று, நான்கு ஆண்கள் ஒரே பரப்பைப் பங்கிட்டுக்கொண்டன. ஒன்றாக இரை தேடின, பகலில் ஒரே இடத்தில் படுத்தும் கிடந்தன. பக்கத்துக் கூட்டத்து ஆண்களை மட்டும் உள்ளே விடவில்லை.

ஒரே இனம், இரண்டு விதமான வாழ்க்கை. இதற்கான காரணத்தைப் பெண்களிடம்தான் தேட வேண்டும். பெண் ரக்கூன் உணவும் தண்ணீரும் குட்டி ஈனப் பொந்தும் இருக்கிற இடத்தில் தங்கும். ஆண் அந்தப் பெண் இருக்கிற இடத்தைச் சுற்றும். டகோட்டாவில் பெண்கள் சிதறிக் கிடந்ததால், ஓர் ஆண் தனியாக நின்று ஒன்றிரண்டு பெண்களின் பகுதியைக் காக்க முடிந்தது. வறண்ட டெக்சாஸிலோ நீர் உள்ள இடங்களை ஒட்டிப் பெண்கள் நெருங்கி வாழ்ந்தன. அவ்வளவு பேரையும் ஒற்றை ஆணால் காவல் காக்க இயலாது. கூட்டு சேர்ந்தால்தான் வெளியார் வராமல் தடுக்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் உடல் பருத்த ஆணுக்கே பெரும்பங்கு கிடைக்கிறது. ஆனாலும் மற்றவை வெறுங்கையோடு போவதில்லை.

இந்த ஆண்கள் அண்ணன் தம்பிகளாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அப்படியில்லை. பெண்குட்டிகள் பெரும்பாலும் தாயின் பக்கத்திலேயே தங்கிவிடும்; ஆண்குட்டிகள் வளர்ந்ததும் பிறந்த இடத்தை விட்டு வெளியேறும். அப்படி வெளியேறி வந்தவை, போன இடத்தில் அந்நியர்களோடு கூட்டு வைத்துக்கொள்கின்றன. சிகாகோவை ஒட்டிய ஒரு காட்டில் கெர்ட்டும் சுசான் பிரேஞ்சும் பென் ஹிர்ஷும் சேர்ந்து செய்த ஆய்வுகள் இதை உறுதியாக்கின. அங்கே மாட்டிய கழுத்துப்பட்டைகள், இரண்டு ரக்கூன்கள் மிக அருகில் வரும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். யாரும் மறைந்திருந்து பார்க்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு இடையிலான தொடர்பே மற்ற எல்லாவற்றையும்விட வலுவாக இருந்தது. மரபணுவைச் சோதித்தபோது, யார் யாரோடு சேர்கிறது என்பதற்கும் இரத்த உறவுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. இந்த முடிவுகள் 2011க்கும் 2013க்கும் இடையில் வெளியாயின. என்னைப் பொறுத்தவரை, இத்தொடரில் இதுவரை பார்த்தவற்றில் இதுவே பெரிய வியப்பு.

சந்திக்காத நேரத்திலும் அவை தகவல் விட்டுச் செல்கின்றன. மரத்தின் கவட்டை, விழுந்து கிடக்கும் அடிமரம், தட்டையான பாறை என ஏதாவது ஓர் இடம் பொதுக் கழிப்பிடமாகிறது. பல ரக்கூன்கள் அங்கேயே வந்து எச்சமிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் காட்டுப் பழங்களின் விதைகளும் நன்னீர் இறால்களின் ஓட்டுத் துண்டுகளும் அதில் கலந்து கிடக்கும். வந்து போகிற ஒவ்வொன்றும் மோந்து பார்த்துச் சேதி அறிந்துகொள்கிறது. இதில் ஆபத்தும் உண்டு. ரக்கூன் குடலில் வாழும் ஓர் உருளைப்புழுவின் முட்டைகள் அங்கே குவிகின்றன. விதை பொறுக்க வரும் எலிகள் அதற்குப் பலியாகின்றன. மனிதர் உடலுக்குள் போனால் மூளையையே தாக்கக்கூடும்.

இந்தச் சமூக வலையை அறிவது வெறிநாய்க்கடி நோயைத் தடுக்கவும் தேவைப்படுகிறது. 1970களின் இறுதியில், வேட்டைக்காக அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து ரக்கூன்களை வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கூடவே ரக்கூன்களிடம் பரவும் அந்த நோய்க் கிருமியும் போய்ச் சேர்ந்தது. கிழக்குக் கரை முழுக்கப் பரவி, 1999இல் கனடாவின் ஒன்டாரியோவையும் எட்டியது. அதைத் தடுக்க மீன்தூள் பூசிய தடுப்பு மருந்து உருண்டைகளை ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விமானத்திலிருந்து தூவுகிறார்கள். ரக்கூன் உண்மையிலேயே தனியாளாக இருந்திருந்தால் நோயும் மெல்லத்தான் நகர்ந்திருக்கும். சிகாகோ காட்டிலோ ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியில் மற்றவற்றோடு தொடர்பில் இருந்தது. எத்தனை ரக்கூன்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்தால் தொற்று நிற்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த வலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

1934இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில், எடர் ஏரிக் கரையில் இரண்டே ரக்கூன் இணைகளை அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் சந்ததி காசல் நகரத்துக் கூரைகளில் குடியேறிய வரலாறு அடுத்த வாரம்.